அம்மா கண்ணாடியின் இன்னொரு கீல்

குட்டி,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. சாவி செருப்பு அலமாரியில்.

அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதன் கீலை உன் ரிமோட் லாரிக்கும் டிரெய்லருக்கும் இணைப்பாகப் போட்டதற்கு நேற்று கத்திவிட்டேன். “இனிமே அத யாருப்பா போடப் போறா?” என்று கேட்டாய்.

காலையில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் அழகாகத் திரும்புகிறது. இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் கவிழ்கிறது. கண்ணாடிக் கீல் ஒரு பக்கம்தான் மடங்கும். எதிரெதிராக இரண்டு கீல் மாட்டினால் சரியாகிவிடும்.

இன்னொன்றை நானே கழற்றி உன் மேசையில் வைத்திருக்கிறேன்.

அப்பா

பி.கு.: திருகாணி கடுகளவுதான், தொலைத்துவிடாதே. கண்ணாடி வில்லைகளைத் தேடாதே. இரண்டும் என் சட்டைப்பையில் இருக்கின்றன.