நாலு உப்பு போட்ட பிஸ்கட்டு

ஷர்லி,

நீ சர்ச்சுல பூசை முடிஞ்சு வர்றதுக்குள்ள பஸ் போயிரும். நான் ஒன் மாமியாளக் கூட்டிக்கிட்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறேன். அவளுக்குக் கால் வீக்கம் வடியல, மூச்சும் எளைக்குது. சாவி குழாயடி வாளிக்கு அடியில இருக்கு. சோறு வடிச்சிட்டேன், கொழம்பு நீ வச்சுக்க.

அவ கிட்னிக்கு உப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே ஒன்ன நம்பாம உப்பு ஜாடியப் பூட்டி வச்சவன் நான். அவளுக்கு உப்பில்லாத கஞ்சி எறங்கல. சீஸ்னா பாலுதானேன்னு சீஸ் பிஸ்கட்டு வாங்கி, ஒனக்குத் தெரியாம ரெண்டு மாசமா தெனமும் ஒரு பாக்கெட்டு குடுத்தேன்.

நேத்து மருந்துக்கடை உதயசூரியன் அந்த உறையப் படிச்சான். மைதா, பாமாயில். சீஸ்ங்கிறது காயவச்ச பொடி, நூத்துக்கு ரெண்டுதானாம். "பெருசு, மாவுல உப்பு, பொடியில உப்பு, பொங்குறதுக்கு சோடா உப்பு, சுட்டு எண்ணெய் தெளிச்சு மேல தூவுறதும் உப்புதான்"னான். அவன நம்பாம பஸ் ஸ்டாண்டு கடையிலயும் படிக்கச் சொன்னேன். அதையேதான் சொன்னாங்க.

போன தடவ டாக்டர் "யாரு உப்புப் போட்டுக் குடுத்தது?"ன்னு கேட்டப்ப ஒன் பேரச் சொல்லிட்டேன். "நான் போடல மாமா"ன்னு நீ அழுததையும் நம்பல. இன்னைக்கு அவருகிட்ட நான்தான் குடுத்தேன்னு சொல்லிருவேன்.

வீரய்யா

மீதி ரெண்டு பாக்கெட்டு அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. எடுத்துக் குப்பையில போடு. ஆட்டுக்குக்கூட வைக்காத.

இன்னொண்ணு. அவ இப்பவும் "ஒண்ணே ஒண்ணு குடுங்க"ன்னு அதத்தான் கேக்குறா. நான் தனியா இருந்தா வாங்கிக் குடுத்துருவேன். மதியத்துக்குள்ள நீ ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்துல இரு.