மௌனிகாவின் முதுகுக் கம்பி

விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் செல்வப்பிரியா, தூங்கும் கணவனுக்குச் சீட்டு எழுதி வைத்தாள்.

"ஏனுங்க, புள்ளையக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரசம் அடுப்பு மேல இருக்குதுங்க. அவ வளைஞ்ச முதுகுல வெச்ச கம்பியை, அவ வளர்றதுக்குத் தக்கன நீட்டற ஆபரேஷன் நாளைக்கு. எத்தனை தடவை அறுப்பாங்க, ஒரேயடியா எலும்பை ஒட்டிரச் சொல்லுன்னு ராத்திரி சத்தம் போட்டீங்க. அவ வலி உங்களுக்குத் தாங்கலைன்னு தெரியுங்க. ஆனா எட்டு வயசுலயே ஒட்டிட்டா முதுகு வளராது, நெஞ்சுக்கூடு சிறுத்து மூச்சு முட்டும்னு டாக்டர் சொல்றாரு. வளந்து முடியட்டும், அப்புறம் ஒட்டிக்கலாங்க.

சொசைட்டில பாலை ஊத்திட்டு மத்தியான பஸ்ஸுக்கு வந்துருங்க. எனக்குக் கோவமில்லீங்க."

மௌனிகா பேனாவை வாங்கி, அடியில் மிஞ்சிய இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"அப்பா, போன தடவை நீட்டினதுல சட்டையெல்லாம் குட்டையாயிருச்சு. வர்றப்ப பெருசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க."