மூன்று முறையும் சிவப்பு

இன்று காலை குளியலறை மூலையில், ஈரத்தின் மேல், இளஞ்சிவப்பாக ஏதோ வழவழவென்று படர்ந்திருந்தது. மருமகள் தேய்க்க வந்தாள். சற்றுப் பொறு என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது கறையல்ல, கிருமி என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். நீங்கள் இறந்துபோய் ஒரு மாதம் ஆகிறது.

அறுபதுகளில், செஞ்சியின் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ், நீங்கள் லேபில். சிங்கவரத்திலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி வந்து படுத்திருந்தாள். சிறுநீரகக் கோளாறுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை தின்றவள். மாத்திரை வீக்கத்தை வற்றவைத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே வற்றவைத்தது. "காய்ச்சல் எலும்புக்குள்ள இருக்குது சிஸ்டர்" என்று நடுங்குவாள். பென்சிலின் பலிக்கவில்லை.

நான் எடுத்துக் கொடுத்த ரத்தத்தை நீங்கள் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது இதே சிவப்புக் கிருமி வளர்ந்தது. டாக்டர் சிரித்தார். "இது மண்ணுலயும் தண்ணியிலயும் கெடக்கற சாது. சிஸ்டர் கை சுத்தமில்ல, அதான் ஒட்டிக்கிச்சு. அசுத்தம்னு எழுதிடுங்க." வார்டு முழுக்கக் கேட்டது. எனக்குக் காது எரிந்தது.

நீங்கள் எழுதவில்லை. "மறுபடி எடுங்க சிஸ்டர். ரெண்டு கையிலயும். நீங்களேதான் எடுக்கணும்" என்றீர்கள். என் விரல்களில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, அவற்றையும் அப்படி ஒரு தட்டில் ஒற்றச் சொன்னீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், புதிதாக எடுத்த இரண்டு ரத்தத்திலும் அதே சிவப்பு. என் விரல் பட்ட தட்டில் சிவப்பே இல்லை.

"ஒருதரம் தப்பு ஆவலாம் சார். மூணு தரமும் அதே தப்பு எப்டி ஆவும்? தெம்பில்லாத உடம்புல சாதுவும் கடிக்கும். அசுத்தம்னு நான் கையெழுத்து போடமாட்டேன். வேலைய விட்டு அனுப்பினாலும் சரி" என்று டாக்டரிடம் சொன்னீர்கள்.

டாக்டர் தட்டுகளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகிறது என்பதையும் நீங்கள் சோதித்து வைத்திருந்தீர்கள். அன்று மாலையே ஊசி மாறியது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கி, அவள் குழந்தையைக் கேட்டாள். என் கையைக் குறை சொன்னதற்கு டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு என்னைவிட உங்களுக்குத்தான் கோபம்.

பல வருடங்களுக்குப் பிறகு வேறோர் ஊரில், ரத்தப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு இப்படித்தான் பேர் தெரியாத கிருமி வளர்ந்தது. "அசுத்தம்தான், தூக்கிப் போடும்மா" என்றார்கள் அங்கிருந்த லேபில். மாட்டேன் என்று மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினேன். அதே கிருமி. மருந்து கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார். ஆனால் அவர் எதனால் செத்தார் என்பதை யாரும் மறைத்து எழுத நான் விடவில்லை.