ட்ரெபிள் குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி

அன்புள்ள முரளி அண்ணா,

நீ முதலில் கோபப்பட்டு முடித்துவிடு, அப்புறம் பேசுகிறேன். உன் டிபன் டப்பாவைத் திறந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டையே ரெண்டாக்கியிருப்பாய்.

பார்க்கிறவர்களுக்கு அது வெறும் அலுமினிய டப்பா. நமக்கு, என் கிதாருக்காக நீயே கட்டிக் கொடுத்த ப்ரீஆம்ப். கிதாரின் மெல்லிய சத்தத்தைத் தூக்கிப் பெரிய ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற வேலை அதற்கு. வால்யூமுக்கு மட்டும் ஒரே ஒரு குமிழ். அதில் வாசித்தால் பல் கூசும், அண்ணா. கனத்த சத்தமான பேஸுக்கு ஒன்று, கீச்சுச் சத்தமான ட்ரெபிளுக்கு ஒன்று என்று இன்னும் ரெண்டு குமிழ் வை என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "கிதார் சரியாத்தான் பேசுது, உன் காதுலதான் கோளாறு" என்பாய். நானும் சும்மா விட்டேனா என்ன. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட அந்தச் சண்டை நடந்திருக்கிறது.

நீ கண்ணை மூடின பிறகு அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அதில் வாசிக்கவும் முடியவில்லை. இந்தச் சரஸ்வதி பூஜைக்கு, டாக்குரியாவில் நம் பாடாக்காரர்கள், நம் பேட்டை ஜனங்கள்தான், என்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்றார்கள். எனக்கு உன் டப்பாதான் வேண்டும். ஆனால் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் குறைக்கப் போய், அதில் இருக்கிற நீயும் போய்விட்டால்? சோல்டரிங் அயர்னைச் சூடாக்கி வைத்துவிட்டு, அதையே நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் துணிந்து, சாந்தினி மார்க்கெட்டில் வாங்கிவந்த சாமான்களை வைத்து ரெண்டு குமிழையும் மாட்டினேன். சத்தம் செத்தே போய்விட்டது. கொசு வாசிக்கிற மாதிரி இருந்தது. நீ கட்டியதைக் கெடுத்துவிட்டேனே என்று அயர்னை அணைத்துவிட்டேன். தேடிப் படித்துப் பார்த்தால், இந்தக் குமிழ்களின் டோன் சர்க்யூட் பாதிச் சத்தத்துக்கு மேல் தின்றுவிடுமாம். அதை ஈடுகட்ட இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமாம். நீ போட்டிருந்த ஐசி சில்லுக்குள்ளேயே அப்படி ரெண்டு இருக்கிறது அண்ணா. ஒன்று உழைக்கிறது, இன்னொன்று இத்தனை வருஷமாகச் சும்மா தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுப்பி வேலைக்கு அனுப்பினேன். உன் பாதியில் ஒன்றையும் மாற்றவில்லை.

பிறகு ட்ரெபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாதிக்கும் கீழே வந்ததும் கிதார் அப்படியே கனிந்துவிட்டது. அடுக்களையிலிருந்து உன் மனைவி எட்டிப்பார்த்தாள். அவளை இன்னும் பௌதி என்றுதான் கூப்பிடுகிறேன். வங்காளிப் பெண்ணை அண்ணி என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறோம் என்று போய்விடுவாளே. "இப்பதான் காதுக்கு நல்லா இருக்கு. முன்னாடி நம்ம பழைய பெல் மாதிரி கத்தும்," என்றாள்.

அந்தக் குருவி பெல் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? வாசலில் அழுத்தினால் கீச்கீச்சென்று கத்துமே, அது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்துகொண்டே கதவைத் திறக்க மாட்டாய். "பெல் அடிக்கவே இல்லை" என்று சாதிப்பாய். நன்றாக இருந்த பெல்லைக் கழற்றி ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணினாய். கடைசியில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எருமை மாதிரி கத்துகிற ஒரு பஸ்ஸரைக் கொண்டுவந்து மாட்டினாய். "இப்ப எப்படிக் கேக்குது பாரு" என்று அதில் ஒரு பெருமை வேறு.

நானும் பௌதியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "குக்கர் விசில் எத்தனைன்னு கேட்டா, எப்பவும் என்னையே திருப்பிக் கேப்பார்," என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹவுரா பட்டறையில், தகடு அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் வேலைக்காலம் முழுக்க நின்றவன் நீ. கீச்சுச் சத்தமெல்லாம் எப்போதோ உன் காதை விட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் ட்ரெபிளை அள்ளிக் கொட்டி அந்த டப்பாவைக் கட்டியிருக்கிறாய். உனக்கே தெரியாதா, தெரிந்தும் மறைத்தாயா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். ட்ரெபிளைக் குறைத்துவிட்டு நான் இன்றைக்குக் கேட்கிற இதே சத்தம்தான், குறைக்காமலே உனக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷமும் நாம் ரெண்டு பேரும் ஒரே சத்தத்துக்காகத்தான் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

ட்ரெபிள் குமிழ் வந்து நின்ற இடத்தில், என் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். உன் எருமை பஸ்ஸரையும் வாசலிலிருந்து கழற்ற விடமாட்டேன். பூஜைப் பந்தலில் குமிழ்களை எப்படித் திருப்பினாலும், கடைசிப் பாட்டுக்கு அந்தப் புள்ளிக்கே வந்துவிடுவேன். அந்த ஒரு பாட்டை உன் காதால் கேட்டுக்கொண்டு வாசிப்பேன். சத்தியம்.

உன் சண்டைக்காரத் தங்கச்சி,
சாந்தி