ரொட்டிக்கடை அம்மாள் கேட்ட கப்பல் பெயர்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உன் அண்ணனும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் அங்கே இங்கே நிற்காமல் அறைக்குத் திரும்பி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் நீ அனுப்பிய தைலத்தை முழங்காலில் தடவாமல் அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் வேலை செய்யும் அச்சகத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது, முழங்கை வரைக்கும் மையோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். கீழ் வீட்டுத் தையல்காரர் உன்னைக் கேட்டார்.

உன் கடிதத்தை அம்மா இரண்டு தரம் உரக்கப் படித்தாள். ஆஸ்பத்திரி, புது அறை, துறைமுகத்துப் பின்தெருவில் நீலப் படிக்கட்டு வைத்த ரொட்டிக்கடை, அங்கே ஒரு வயதான அம்மாள் ஜாதிக்காயைக் கண் முன்னாலேயே துருவிப் போட்டுத் தரும் பிரெட் புட்டிங், எல்லாம் எழுதியிருந்தாய். கப்பல் சமையல்காரர் மகளாக இருந்தும் இதை நான் ஒரு நாளும் வீட்டில் சாப்பிட்டதில்லையே, அப்பாவுக்குச் செய்யத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். அப்பா கப்பலில் வேலை பார்த்தவர் என்று நான் சொன்னதும் அந்த அம்மாள் எந்தக் கப்பல் என்று கேட்டார், கப்பல்காரர்கள் யார் வந்தாலும் அவர் அதைத்தான் கேட்பாராம், எனக்குப் பெயர் தெரியவில்லை, எழுதி அனுப்புங்கள் என்று. அம்மா அந்த வரியைச் சாதாரணமாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். எனக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை.

போனில் சொல்லலாம் என்று நாலு நாள் பார்த்தேன், வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்று. நீ புறப்பட்ட அன்று நான் வாசலுக்கு வரவில்லை. பால்கனியில் நின்று காயாத துணியை மடித்துக்கொண்டிருந்தேன். நீ வேலைக்குத் தூரதேசம் போவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அழுதபடியே வண்டி ஏறினாய் என்று அண்ணன் சொன்னான். அது இல்லை கண்ணு. உன் வேலை உத்தரவில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை, அவ்வளவுதான். உன்மேல் எனக்கு என்றைக்கும் கோபம் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் புட்டிங்கை நான் செய்தேன். இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. எனக்கு முப்பது பேருக்குத்தான் அளவு தெரியும், அம்மா பத்தால் வகுத்துத் தந்தாள், நீயும் எழுதி வைத்துக்கொள். எட்டுத் துண்டு ரொட்டி, புதுசு வேண்டாம், இரண்டு நாள் காற்றில் காய்ந்து கை பட்டால் நொறுங்க வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு டம்ளர், முட்டை மூன்று, பழுப்புச் சர்க்கரை முக்கால் டம்ளர், கொஞ்சம் பட்டைத் தூள், எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு கைப்பிடி உலர்திராட்சை. திராட்சையை முதல் நாளே ரம்மில் ஊறப்போட வேண்டும். ரம் எங்கே கிடைக்கும் என்று நான் யோசிக்குமுன் அண்ணன் தன் அறைக்குள் போய் அரைப் பாட்டிலோடு வந்தான், அம்மா பார்த்த பார்வையில் அவனே சுருங்கிப்போனான். எல்லாம் கலந்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஒரு மணி நேரம் ஊற விட்டு, மேலே ஜாதிக்காய் துருவி, வெந்நீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து ஓவனில் முக்கால் மணி நேரம். கத்தி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். நம் வீட்டுக்குள் ஜாதிக்காயே வரக்கூடாது என்று இத்தனை வருஷமாக நான் முரண்டு பிடித்தது உனக்கு நினைவிருக்கும். துருவ ஆரம்பித்ததும் அந்த வாசனையோடு, கப்பலில் என்னோடு இருந்த ஒருவன் என் முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. முதல் கரண்டி வாயில் வைத்ததும் கரித்தது. உப்பே போடவில்லை. அம்மாவைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன், "தேன் மாதிரில்ல இருக்கு, உங்க நாக்குக்கு என்ன வந்துச்சு" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி உனக்கும் சொல்கிறேன்.

கப்பலில் என்னோடு இன்னொரு சமையல்காரன் இருந்தான், என் வயதுதான், அந்த ஊர்க்காரன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஜாதிக்காய் வைத்திருப்பான், அதனால் நாங்கள் அவனை ஜாதிக்காய் என்றே கூப்பிடுவோம். இந்தப் புட்டிங் அவன் கைப்பக்குவம். துறைமுகத்துப் பின்தெருவில் அவன் அக்காவின் ரொட்டிக்கடையில் நீலப் படியில் உட்கார்ந்து வளர்ந்த கதையை நூறு தரம் சொல்லியிருக்கிறான். ஒருநாள் காலையில் ஆறு டிரே நிறைய ரொட்டித் துண்டுகளைச் சமையலறைக் கதவுக்கு வெளியே, மேல்தளத்தில் காயப்போட்டிருந்தோம். மத்தியானத்துக்குள் கடல் புரண்டுவிட்டது. வெளிக்கதவு எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தது. நான் உருளும் அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, ஓடு, ரொட்டியை எடுத்து வா என்று அவனை அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன். கட்டி முடித்துக் கதவருகே வந்தபோது டிரேக்கள் நனைந்து சொட்டச் சொட்ட உள்ளே அடுக்கியிருந்தன. ஆள் உள்வழியாக ஸ்டோர் ரூமுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். நாலு கைப்பிடி உள்ள இரும்புக் கதவு, உள்ளே இறுக்கிவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாது, நாலையும் நானே இறுக்கினேன். டிரேக்களை எண்ணவில்லை.

அண்டாவிடம் திரும்பிய பிறகு தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். மேலே தொங்கிய வாணலியும் கரண்டியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்து அவனைத் தேடி ஸ்டோர் ரூமுக்குப் போனேன், இல்லை. ஓடிவந்து டிரேக்களை எண்ணினேன். ஐந்து. ஆறாவதை எடுக்க அவன் திரும்பிப் போயிருக்கிறான். கதவைத் திறந்தபோது தளத்தில் ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை. கப்பலைத் திருப்பி மறுநாள் மத்தியானம் வரைக்கும் தேடினார்கள். விசாரணையில் கதவை யார் அடைத்தது என்று கேட்டபோது, நான் வரும்போதே அடைத்திருந்தது என்று சொன்னேன். யார் சொல்லியும் போகவில்லை, அவனாகவே வெளியே போனான் என்று எழுதிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அந்த ஐந்து டிரே ரொட்டியைக் குப்பையில் கொட்ட மனம் வராமல் அதையே புட்டிங் செய்து வைத்தேன். கடல் தண்ணீர் பட்டுக் கரித்தது. முப்பது பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

அந்தப் பயணத்தோடு கப்பலை விட்டேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக எல்லாக் கதவிலிருந்தும் தாழ்ப்பாளைக் கழற்றினேன். நீ வயசுப் பெண்ணான பிறகு என் அறைக்காவது ஒரு தாழ்ப்பாள் வையுங்கள் என்று எத்தனை தரம் என்னோடு மல்லுக்கு நின்றாய், சந்தேகப்படுகிற அப்பா என்றுகூட ஒருநாள் சொன்னாய். அம்மா சமையலறையில் பாத்திரம் உருட்டினால் நான் எழுந்து போய் வாசலைத் திறந்து பார்ப்பதும், யாரு என்று அவள் கேட்பதும், யாருமில்லை என்று நான் வந்து உட்காருவதும் உனக்குத் தெரியும். யாருமில்லை என்று சொன்னதெல்லாம் பொய். ஒவ்வொரு தரமும் அவன்தான். இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா "இத்தனை வருஷம் தாழ்ப்பாள் இல்லாத குளியலறையில சத்தமாப் பாடிக்கிட்டே குளிச்சேனே, இதுக்கா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவன் போய் இரண்டு மாதத்தில் அவன் அக்காவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் தம்பியைக் கடைசியாகப் பார்த்தது யார், அவன் ஏன் வெளியே போனான், இரண்டே கேள்வி. நான் பதில் போடவில்லை. நீ எழுதிய பிறகுதான் தெரிகிறது, அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கடைக்கு வருகிற ஒவ்வொரு கப்பல்காரனிடமும். இதோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். அவர் பாஷையில் எனக்குத் தெரிந்த அளவுக்கு நானே எழுதியது, பிழை இருக்கும், ஆனால் அனுப்பியது நான், கதவை அடைத்தது நான், தட்டியது கேட்டது எனக்கு என்பது பிழையில்லாமல் இருக்கிறது. கப்பலின் பெயர் முதல் வரியில் இருக்கிறது. அந்த உறையை அவர் கையில் கொடு. புட்டிங் செய்து எடுத்துக்கொண்டு போகாதே, வெறுங்கையோடு போ. என் போன் நம்பரும் அதில் இருக்கிறது, அவர் எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன், திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். அதற்குப் பிறகு அந்த நீலப் படியில் உனக்கு இடம் இல்லாமல் போகலாம். அப்பா செய்ததற்கு நீ ஏன் இதைச் சுமக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் உறையைத் திருப்பி அனுப்பிவிடு, நானே தபாலில் போட்டுவிடுகிறேன், உன்மேல் வருத்தம் வராது. ஆனால் தபாலில் போனால் அவர் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருவரைத் தனியாக வெளியே விட்டது ஒரு தரம் போதும்.

நேற்றுத் தச்சரைக் கூப்பிட்டு உன் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்துவிட்டேன். பித்தளை. அண்ணன் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தான், நான் வெளியே நின்றேன், அவன் மறுபடி திறக்கும் வரைக்கும் நகராமல் நின்றேன்.

நோய் நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், குடையை ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டு வராதே. உன் அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறீர்கள். கதவைத் தாழ் போடுவதற்கு முன்னால் மூன்று பேரும் உள்ளே இருக்கிறீர்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா