பொட்டு வைத்த டேப்

தாயில்பட்டி,
ஞாயிறு, பகல்.

அன்புள்ள நேசகுமாருக்கு,

சுந்தரபாண்டி எழுதுவது. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் மூன்று விரல் முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. முன்னாடியும் உங்க கையெழுத்து இதே லட்சணந்தான் என்கிறாள் கற்பகவல்லி. கட்டிய மனைவி, மறுக்க முடியுமா?

எங்கள் பட்டாசுக் கம்பெனி வெடித்து ஒன்பது நாளாகிறது. டிவியில் பார்த்திருப்பாய். மருந்து கலக்கும் அறை இருந்த இடத்தில் இப்போது பள்ளம். வேப்பமரத்தில் சேலைத் துணி, அதோடு சதை. கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிற தொந்திக்காரன் நான், ஓடி ஓடிப் பொறுக்கினேன். நான் தூக்கி வந்த ஒரு கை யாருடையது என்று இன்னும் தெரியவில்லை.

செத்தது ஏழு பேர் என்கிறது கம்பெனி. எட்டாவது, எங்கள் எதிர்வீட்டு வேலுத்தாய். உடம்பு என்று சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று மேனேஜர் ராஜபாண்டியன் சாதிக்கிறார். புருஷன் ஊர்க்காவலன் கேட்டில் போய் நின்றதற்கு, “ஏலே, ஒம் பொண்டாட்டி எவங்கூடப் போனாளோ, இங்கன வந்து தேடுதே” என்று சொல்லிக் கம்பியால் மண்டையைப் பிளந்தார்கள். மகள் எழில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். ஊர் வாயில் அவள் அம்மா ஓடிப்போனவள்.

கேட் கேமராப் படம் இருந்த கம்ப்யூட்டரை அன்றே கடப்பாரையால் நொறுக்கிவிட்டார்கள். இனி சாட்சி டேப்தான். நீ இங்கே வந்து டேப் மிஷின் மாட்டியபோது, பட்டாசு ஊரில் ஒரு நகல் வேலிக்கு வெளியே இருக்கணும், இந்த நாடா முப்பது வருஷம் கெடாது என்றாய். நான் சிரித்தேன். ஆனாலும் வெள்ளிதோறும் படத்தை டேப்பில் ஏற்றி, ஆபீஸ் பூஜையில் அதற்கும் குங்குமப் பொட்டு வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அன்றும் பத்து மணி வரைக்குமான படத்தை ஏற்றிக்கொண்டு சோற்றுக்கு வந்தேன். தட்டில் கை வைத்தேன், வெடித்தது.

பயந்துபோய் ஒரு வாரம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். நேற்று ராஜபாண்டியன் டேப்பைத் தேடி நாலு பேரோடு வந்தார். புது டேப் எதுவென்று மங்காத பொட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். பூஜைச் சுண்டலுக்கு முதல் ஆள் அவர்தானே. ஜீப் சத்தம் கேட்டதும் புதுசின் பொட்டைத் துடைத்துவிட்டு, மூன்று வருஷப் பழசுக்குப் பொட்டு வைத்தேன். அவசரத்தில் பாதிக் குங்குமம் என் மூக்கில். அம்மிக் குழவியால் விரல் விரலாக நசுக்கினார்கள். மூன்றாவதில் அலறிப் பழசைக் கொடுத்தேன். “அம்புட்டும் இதுதானாலே?” என்று கேட்டு வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். நாலாவது விரலுக்குப் போயிருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேன். என் வீரம் மூன்று விரல் நீளந்தான்.

நிஜ டேப்பை உன் அக்கா எவாஞ்சலின் டீச்சர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படிக்கிற மிஷின் உன்னிடம்தான் இருக்கிறது. காலை ஏழே முக்காலைப் பார். பச்சைச் சேலையில் வேலுத்தாய். உள்ளே இரும்பு, வெள்ளி எதுவும் கூடாதென்று கேட்டில் குனிந்து கொலுசைக் கழற்றுவாள். அதை எழில் பார்க்கணும். இரண்டு நகல் எடு. ஒரே இடத்தில் வைக்காதே.

கொளுத்தியது பழசு என்று அவர்களுக்குத் தெரிய ரொம்ப நாள் ஆகாது. கற்பகவல்லியை நாளைக்கு விருதுநகரில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்புகிறேன். நான் இங்கேதான் இருப்பேன். ஊர்க்காவலனுக்குத் தலையில் கட்டு மாற்ற ஆள் வேண்டும்.

நீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கணும். பதிலை என் பெயருக்குப் போடாதே. கற்பகவல்லி பெயருக்கு, அவள் அண்ணன் விலாசத்துக்குப் போடு.

உன்,
சுந்தரபாண்டி