மேலே வரும் குமிழி

செவ்வாய், இரவு.

இன்று எலெக்ட்ரானிக் சிட்டி லேபில், ராக்கெட்டில் போகப்போகும் எங்கள் சோதனைப் பெட்டிக்குக் கடைசி டெஸ்ட். உள்ளே தண்ணீர், அதில் ஒரு காற்றுக் குமிழி. விண்வெளியில் அதைப் படம் பிடிக்கப்போகும் கேமராவை வடிவமைத்தவள் நான். ஸ்க்ரூ முடுக்க டெக்னீஷியன் ஸ்டெல்லா பெட்டியைச் சாய்த்தாள்.

"மேடம், ஸ்கிரீன்ல பபுள் காணோமே."

"நிமிர்த்தி வை, மேல வந்துடும்" என்றேன்.

வந்தது. அவள் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குமிழி மேலேதான் வரும் என்று நம்பி, கேமராவை மேல்பக்கம் மட்டும் பார்க்க வைத்திருக்கிறேன். எடையே இல்லாத இடத்தில் மேல் ஏது, கீழ் ஏது? எவ்வளவு பெரிய மடச்சி நான்!

யாரிடமும் வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக் காலை பெட்டிக்கு சீல் வைக்கிறார்கள். சொன்னால், கேமராவை மாற்றி முடிப்பதற்குள் இந்த ராக்கெட் கிளம்பிவிடும். சொல்லாவிட்டால், அங்கிருந்து வரும் படமெல்லாம் வெறும் தண்ணீர்.